நோட்டில் ஏறிய தமிழ்

கேள்வி: இந்தியாவுக்கு வெளியே தமிழுக்கு எங்கே ஆட்சிமொழித் தகுதி இருக்கிறது?
– ஒரு வாசகர், மாகறல்

பதில்: இரண்டு நாடுகளில். சிங்கப்பூரில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு ஆட்சிமொழிகள். தேசிய கீதம் மட்டும் மலாயில். இலங்கையில் 1956-ல் 'சிங்களம் மட்டும்' என்றார்கள். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987 ஆனது. 'ம்' என்ற ஓரெழுத்துக்கு 31 வருஷம்!

கேள்வி: ரூபாய் நோட்டில் தமிழ் அச்சிடும் வேறு நாடு உண்டா?
– அதே வாசகர்

பதில்: மொரீஷியஸ். அங்கே 1998-ல் வந்த புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழ, அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, தமிழைப் பழைய இடத்தில் ஏற்றி மறுபடி அச்சிட்டது. நம் நோட்டின் பின்பக்கமும் 15 மொழிகளின் பட்டியலில் தமிழ் 13-வதாக நிற்கிறது. ஆங்கில அகரவரிசை செய்த வேலை, சண்டை வேண்டாம்.

கேள்வி: மொழிகள் மிக அதிகமாக உள்ள நாடு?
– இன்னும் அவரேதான்

பதில்: பாப்புவா நியூகினி. 800-க்கும் மேல். அங்கே பெண் எடுப்பவர் தரகரோடு மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிப்போக வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. செய்யாற்றங்கரையில் உங்கள் ஊர் ஈசனைச் சம்பந்தர் 7-ம் நூற்றாண்டில் பாடிய தமிழ் இன்றும் புரிகிறது. மாலையில் கோயிலுக்குப் போய் ஒருமுறை பதிகத்தை வாய்விட்டுப் படியுங்கள்!