ஏழெட்டுன்னா எத்தனை, மாப்பிள்ளை?

வாங்க மாப்பிள்ளை, இப்படித் திண்ணையில உக்காருங்க. உள்ள பேரன் அழுற சத்தமும் நீங்க போட்ட சத்தமும் சேர்ந்து வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறந்துபோச்சு.

"ஏழெட்டு எத்தனைடா?"ன்னு கேட்டீங்க. அவன் "ஏழு, இல்லேன்னா எட்டு"ன்னான். அதுக்கா கையை ஓங்குறது? நேத்து பந்திக்கு எத்தனை பேர்னு கேட்டப்ப, "ஏழெட்டுப் பேர் மாமா"ன்னு நீங்கதானே சொன்னீங்க! நான் அம்பத்தாறு எலை அறுத்துப் போட்டிருந்தா, உங்க அத்தை என்னையே நறுக்கிப் பொரியல் பண்ணியிருப்பா. பையனுக்குத் தமிழ் நல்லாவே வருது.

ஒரு சந்தேகம். அவன் முழிச்சப்ப நீங்க மெதுவா போனை எடுத்துத் தட்டினீங்களே, அது மணி பார்க்கத்தானே? நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்.

1957-ல நயா பைசா வந்தப்ப எனக்கு ஒன்பது வயசு. அதுக்கு முந்தி ரூபாய்க்கு 16 அணா. வெல்லம் வாங்கப் போறவனுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு நாக்குல நிக்கணும். தடுமாறினா கடையில மிச்சக் காசு கொறையும், வீட்டுக்கு வந்தா முதுகுல கூடும். அந்த அடியை நான் சிபாரிசு பண்ணல. பதினாறு நல்லாத்தான் வந்துச்சு, பதிமூணு மட்டும் இன்னைக்கும் எனக்குத் தகராறு. பேரன் காதுல போட்டுடாதீங்க.

நீங்க செவுத்துல ஒட்டியிருக்கிற அட்டையைப் பார்த்தேன். பத்துக்குப் பத்து, நூறு கணக்கு. பார்த்தா பெரியவனுக்கே வயித்தைக் கலக்கும். ஆனா ஒண்ணும் பத்தும் சும்மா வரும். ரெண்டு வெறும் இரட்டிப்பு. அஞ்சுக்கு கடிகாரத்துப் பெரிய முள் இருக்கு. ஒன்பதுக்கு விரல் இருக்கு: ஏழாவது விரலை மடக்குங்க, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் மூணு, அறுபத்து மூணு. மிச்சம் மூணு, நாலு, ஆறு, ஏழு, எட்டு. ஆறேழும் ஏழாறும் ஒண்ணுதான், அண்ணன் தம்பி இடம் மாறி உக்கார்ந்த மாதிரி. அதையும் கழிச்சா மொத்தம் பதினஞ்சே கணக்கு. பதினஞ்சுக்காகவா இத்தனை ஒப்பாரி?

அதையும் ஒரே நாள்ல திணிக்காதீங்க. நாளைக்கு ரெண்டு போதும், அஞ்சு நிமிஷம் போதும். வரிசையா ஒப்பிச்சா பாட்டா வரும். நடுவுல உருவிக் கேட்டா ஓரெட்டுல இருந்து ஓடி வருவான். அதனால தாறுமாறா கேளுங்க. சாப்பிடுறப்ப ஒண்ணு, செருப்பு மாட்டுறப்ப ஒண்ணு. தெரியலைன்னா, "ஏழேழு தெரியும்ல? அதுமேல ஒரு ஏழைப் போடு"ன்னு வழி காட்டுங்க. நேத்து வந்தது இன்னைக்கு மறந்திருக்கும். மறந்ததை யோசிச்சு எடுத்தாத்தான் நிலைக்கும். கையில ஸ்டாப் வாட்ச்சோட நிக்காதீங்க, பையன் பந்தயக் குதிரை இல்ல.

இன்னொரு தந்திரம். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளை முன்னால சொல்லுவான், மத்தவங்க பின்னால சொல்லுவாங்க. மெட்ராஸ்ல இருந்த ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார், நம்ம பிள்ளைங்க மணல்ல எழுதிப் படிக்கிறதைப் பார்த்துட்டு, பையனுக்குப் பையனே வாத்தியார்னு பள்ளிக்கூடம் நடத்தி, 1797-ல லண்டன்ல புஸ்தகமே போட்டார். நீங்க மாசாமாசம் டியூஷனுக்குக் கட்டுறீங்க. சின்னவளுக்கு இவனைச் சட்டாம்பிள்ளை ஆக்கிப் பாருங்க. சொல்லிக்குடுக்கிறவனுக்கு நல்லாப் பதியும். பக்கத்துல உக்கார்ந்து கேட்டா உங்களுக்கும் பதியும்.

அப்புறம் பரண்ல பல்லாங்குழி தூங்குது. பதினாலு குழி, குழிக்கு அஞ்சு முத்து. எழுபதுன்னு அவனே சொல்லுவான், நீங்க கேக்க வேண்டாம். தாயக்கட்டையும் கிடக்கு. பன்னெண்டு விழுந்து அடுத்து ஒரு அஞ்சு விழுந்தா, கட்டத்தை ஒண்ணொண்ணா எண்ணாம பதினேழுல போய்க் காயை வைக்கணும்னு சட்டம் போடுங்க. எதிரி காயை வெட்டுற ஆசையில கூட்டல் தானா வரும். வெட்டு வாங்குறது தகப்பன்னா இன்னும் வேகமா வரும்.

இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு ஆட்டம் போடுவோம். போனை மட்டும் அத்தைகிட்ட குடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை, முறுக்கு டப்பாவுக்குள்ள பத்திரமா இருக்கும்.