பெண்ணுக்குப் பிடிக்கவில்லை

1931-இல் யுனிவர்சல் நிறுவனம் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தை வெளியிட்டபோது, தொடக்க டைட்டிலில் பூதமாக நடித்தவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறிதான் இருந்தது. மணிக்கணக்காக மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மண்டையும் கழுத்தில் மின்முனைகளுமாக எழுந்து வந்த மனிதருக்குப் படம் முடிந்த பிறகுதான் பெயர் கிடைத்தது. 1935-இல் இரண்டாம் பாகம் வந்தது. இப்போது டைட்டிலில் ‘கார்லாஃப்’ என்று ஒரே சொல். ‘போரிஸ்’ தேவைப்படாத அளவுக்கு ஆள் வளர்ந்துவிட்டார். வேலையில்லாமல் போன கேள்விக்குறியை ஸ்டுடியோ வீணாக்கவில்லை. புதிதாக வந்த மணப்பெண்ணின் தலையில் கட்டிவிட்டது.

அந்தப் படம் ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’. இயக்குநர் ஜேம்ஸ் வேலுக்கு இரண்டாம் பாகம் எடுக்க இஷ்டமே இல்லை. முதல் படத்திலேயே சரக்கெல்லாம் தீர்ந்துவிட்டது என்பது அவர் கட்சி. ஸ்டுடியோ விடவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டவர், எடுப்பதென்றால் தன் இஷ்டப்படி என்று இறங்கிவிட்டார். ஆளைப் பயமுறுத்திக்கொண்டே கிச்சுகிச்சு மூட்டுகிற ஒரு படம் அப்படித்தான் பிறந்தது.

உண்மையில் சரக்கு தீரவில்லை. மேரி ஷெல்லியின் 1818-ஆம் வருஷத்து நாவலில் பாதியை முதல் படம் தொடவே இல்லை. பார்வையற்ற கிழவர், பேசக் கற்றுக்கொள்ளும் பூதம், எனக்கொரு ஜோடி வேண்டும் என்று அது போடும் நிபந்தனை எல்லாமே நாவலில் அப்படியே கிடந்தன. இரண்டாம் பாகம் எடுத்துக்கொண்டது அந்த மிச்சத்தைத்தான். நாவலில் விஞ்ஞானி ஆர்க்னி தீவில் உட்கார்ந்து பெண் பூதத்தைப் பாதிவரை செய்துவிட்டு, இவள் வேறு என்ன கூத்து அடிப்பாளோ என்று மிரண்டு, கிழித்துப் போட்டுவிடுகிறார். கல்யாணப் பேச்சு அங்கேயே முறிகிறது. சினிமாக்காரர்கள் பெண்ணை முழுசாகச் செய்து முடித்து, மாப்பிள்ளையின் எதிரிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

படம் தொடங்குவது 1816-இல். வெளியே இடி, மின்னல். உள்ளே கவிஞர் பைரன், ஷெல்லி, பூத்தையல் போட்டுக்கொண்டு மேரி. கதை அதோடு முடியவில்லை என்று சொல்லி மேரி மீதியைச் சொல்ல ஆரம்பிக்கிறார். சொல்லும் கதையில் ஒரு சவப்பெட்டியின் மேல் 1899 என்று வருஷம் போட்டிருக்கிறது. விஞ்ஞானியின் மனைவி எலிசபெத் ஒரு மின்கருவி வழியாகத் தன் புருஷனோடு பேசுகிறாள். மேரி ஷெல்லிக்குத் தீர்க்கதரிசனம் உண்டு என்று வைத்துக்கொண்டு மேலே பார்ப்பதுதான் நல்லது.

இனி டாக்டர் பிரிட்டோரியஸ். நாவலில் இப்படியொருவர் இல்லவே இல்லை. எர்னஸ்ட் தெசிஜர் என்ற நடிகர், ஒடிசலான உடம்பும் தூக்கிய மூக்குமாக, கல்யாணத் தரகருக்குரிய சகல லட்சணங்களோடும் வந்து சேர்கிறார். கண்ணாடி ஜாடிகளில் தான் வளர்த்த விரலளவு மனிதர்களைக் கடை பரப்புகிறார்: ராஜா, ராணி, ஒரு பிஷப். ராஜா ஜாடியை விட்டு எகிறிக் குதித்து ராணியின் ஜாடியை நோக்கி ஓட, இடுக்கியால் கவ்வி எடுத்து மறுபடி உள்ளே போடுகிறார். பிறகு ஒரு கல்லறை அறையில், சவப்பெட்டியையே மேசையாக்கி, மண்டையோட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிறார். பூதம் எதிரே வந்து நிற்கிறது. ஊரே தீவட்டியோடு துரத்தும் ஜந்துவுக்கு மனிதர் சுருட்டு நீட்டி உபசரிக்கிறார். வரன் அமைந்துவிட்டது; இனிப் பெண்ணைச் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

இடையில் பார்வையற்ற துறவியின் குடிசைக் காட்சி. பூதத்துக்கு ரொட்டி, ஒயின், புகை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார். படத்திலேயே கண் கலங்க வைக்கும் இடம் இதுதான். மெல் புரூக்ஸ் 1974-இல் எடுத்த ‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் ஜீன் ஹேக்மன் இதே துறவியாக வந்து பூதத்தின் மடியில் கொதிக்கும் சூப்பை ஊற்றுவார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு அசல் காட்சியில் இனி ஒழுங்காக அழ வராது.

பூதம் பேசுவது கார்லாஃபுக்குப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தால் மவுசு போய்விடும் என்று வாதாடிப் பார்த்தார். இன்னொரு சங்கடமும் சேர்ந்தது. முதல் படத்தில் கட்டுப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டு நடித்ததால் கன்னம் ஒட்டிப்போய்ப் பிணக்களை இருந்தது. இப்போது வசனம் பேசப் பல் வேண்டும். பல்லை மாட்டினார், கன்னம் உப்பியது. போன படத்தின் முடிவில் எரிந்துபோன காற்றாலையிலிருந்து தப்பி வந்த பூதம், முகத்தில் கொஞ்சம் சதை போட்டுத்தான் வந்திருந்தது.

தணிக்கைக்காரர்களின் கவலைகளும் சுவையானவை. கொலை எண்ணிக்கை அதிகம் என்றார்கள். விஞ்ஞானி தன்னைக் கடவுளோடு ஒப்பிடக் கூடாது என்றார்கள். இவற்றோடு, முதல் காட்சியில் மேரி ஷெல்லியின் கவுன் கழுத்து இறக்கமும் அவர்கள் கண்ணை உறுத்தியது. பிணங்களைத் தைத்துப் பெண் செய்கிற படத்தில்!

அந்த மேரியாக நடித்த எல்சா லான்செஸ்டர்தான் மணப்பெண்ணும். படத்துக்குப் பெயர் கொடுத்தவள் திரையில் இருப்பது ஐந்து நிமிஷத்துக்கும் குறைவு. ஒரு வசனமும் கிடையாது. எகிப்து ராணி நெஃபர்டிட்டியின் சாயலில், கம்பிக்கூட்டின் மேல் நட்டுக்க நிற்கும் தலைமுடி. இரண்டு பக்கமும் மின்னல் மாதிரி வெள்ளைக் கோடு. பிரிட்டோரியஸ் பெருமையாக அறிமுகம் செய்ய, ஃபிரான்ஸ் வாக்ஸ்மனின் இசையில் கல்யாண மணியே அடிக்கிறது. பூதம் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து, அவள் கையை எடுத்துத் தட்டிக் கொடுக்கிறது. பெண் பார்த்தாள், வீறிட்டாள். பஜ்ஜி சொஜ்ஜிக்கு அவசியமே இல்லாமல் முடிவு தெரிந்துவிட்டது. அவள் சீறுகிற சீறலை லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் உள்ள அன்னப் பறவைகளிடமிருந்து பிடித்ததாக லான்செஸ்டர் சொல்லியிருக்கிறார். நளனுக்காகத் தமயந்தியிடம் தூது போன அதே ஜாதிப் பறவை!

மனமுடைந்த மாப்பிள்ளையின் கை ஒரு நெம்புகோலுக்குப் போகிறது. அதைத் தொடாதே, எல்லோரும் தூள் தூளாகிவிடுவோம் என்று அலறுகிறார் பிரிட்டோரியஸ். மொத்தக் கட்டடத்தையும் வெடிக்கவைக்க ஒரு நெம்புகோலை, அதுவும் கைக்கெட்டும் தூரத்தில், எந்தப் புண்ணியவான் எதற்காக வைத்தான் என்பதற்குப் படத்தில் விளக்கம் இல்லை.

விஞ்ஞானி ஹென்றியையும் எலிசபெத்தையும் மட்டும் தப்பிப் போகச் சொல்லிவிட்டு பூதம் கோலை இழுக்கிறது. முதலில் எடுத்த முடிவில் ஹென்றியும் உள்ளேயே சாவதாக இருந்தது. பிறகு மனசு மாறி, தம்பதி பிழைப்பதுபோல் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். ஆனால் ஆய்வுக்கூடம் இடிந்து விழும் தூரக் காட்சியை மாற்றவில்லை. மொத்தப் படமே 75 நிமிஷம்தான். பார்க்க வாய்த்தால் அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வெளியே பெண்டாட்டியோடு பத்திரமாக நிற்கும் ஹென்றி, உள்ளே சுவரோரமாகவும் நின்றுகொண்டிருப்பார்.