கரடிகளுக்கு மட்டும்

1872 மார்ச் 1. அமெரிக்க ஜனாதிபதி கிராண்ட் ஒரு கையெழுத்துப் போட்டார். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பிறந்தது. சுமார் 22 லட்சம் ஏக்கர் காடு, கரடி, கொதிக்கும் ஊற்றுகள் எல்லாம் இருந்தன. பராமரிக்கப் பணம்தான் இல்லை. முதல் கண்காணிப்பாளர் லாங்ஃபோர்டுக்குச் சம்பளமே கிடையாது. சம்பளமில்லாத வேலைக்கு மனுஷன் எப்படி வருவாரோ, அப்படியே வந்தார்: எப்போதாவது.

அடுத்து வந்த நாரிஸ் அப்படியல்ல, சுறுசுறுப்புத் திலகம். 1878-ல் நாடாளுமன்றம் மனமிரங்கி முதன்முதலாக 10,000 டாலர் கொடுத்ததும் ரோடு போட ஆரம்பித்துவிட்டார். மரத்தை வெட்டினார், அடிக்கட்டையை அப்படியே விட்டுவிட்டார். குதிரை வண்டியில் போனவர்களின் இடுப்பெலும்புகள் அந்த ரோட்டின் தரத்தை அறிந்தன. ஆனால் பெயர் சூட்டுவதில் மட்டும் குறையே வைக்கவில்லை. மலைக்கு நாரிஸ், கணவாய்க்கு நாரிஸ், வெந்நீர் ஊற்று வெளிக்கும் நாரிஸ்!

பிறகு வந்தது 'யெல்லோஸ்டோன் பூங்கா மேம்பாட்டு கம்பெனி'. பெயரிலேயே மேம்பாடு இருந்ததால் வேறெங்கும் தேவைப்படவில்லை போலும். மாமத் ஊற்றுகள் அருகே பெரிய ஓட்டல் கட்டக் கிளம்பினார்கள். வேலையாட்களுக்குச் சாப்பாடு? பூங்காவிலிருந்த எல்க் மான்களையே சுட்டுக் குழம்பு வைத்தார்கள். 1884-ல் கம்பெனி திவால். கூலி கிடைக்காத தச்சர்கள், கட்டிய ஓட்டலுக்குள்ளேயே குடியேறி, 'காசு வந்தால்தான் காலி பண்ணுவோம்' என்று உட்கார்ந்துவிட்டார்கள். பார்த்தது அரசாங்கம்; 1886-ல் ராணுவத்தையே அனுப்பிவிட்டது. அது 1918 வரை நகரவில்லை.

ராணுவம் போனபின் வசதிகள் கரடிவரை நீண்டன. ஓட்டல் எச்சில் குப்பையை மேடையில் கொட்டுவார்கள். எதிரே கேலரி மாதிரி பெஞ்சு வரிசை, பார்வையாளர் கூட்டம், விளக்கவுரைக்கு ஒரு ரேஞ்சர். ஓரிடத்தில், 'மதிய உணவு: கரடிகளுக்கு மட்டும்' என்று பலகையே வைத்திருந்தார்கள். கரடிகளும் பந்திக்குப் பழகி, பெஞ்சு இல்லாத இடங்களிலும் விருந்து எதிர்பார்க்கத் தொடங்கின. ரோட்டில் கார்களை மறித்துப் பிஸ்கட் வசூலித்தன. 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடியிடம் காயம்பட்டார்கள்.

ஊற்றுகளும் தப்பவில்லை. 'கைக்குட்டைக் குளம்' என்று ஒன்று. கைக்குட்டையைப் போட்டால் நீர் உள்ளே இழுத்துச் சுழற்றி வெளுத்துத் திருப்பித் தரும், இலவச லாண்டரி. கைக்குட்டையோடு நிற்கும் ஜாதியா மனுஷ ஜாதி? கண்டதையும் போட்டு அடைத்துவிட்டார்கள். 'மார்னிங் குளோரி' குளத்தில் காசு எறிந்தவர்களோ அதன் நிறத்தையே மாற்றினார்கள். அடியிலிருந்த வாய் அடைபட, வெப்பம் குறைந்தது. வெதுவெதுப்பில் வாழும் நுண்ணுயிர்கள் ஓரங்களிலிருந்து உள்ளே படர, நீலக் குளத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் ஏறிவிட்டன.

1970-ல்தான் பூங்காவின் கடைசிக் குப்பைமேடுகளையும் மூடத் துணிந்தார்கள். கரடி திறக்க முடியாத தாழ்ப்பாளுடன் குப்பைத்தொட்டிகள் வந்தன. கரடியிலிருந்து 100 கஜம் தள்ளி நிற்பது இன்று சட்டம். ரோடு, ஓட்டல், கேலரி என்று நூறு வருஷம் அந்தக் காட்டுக்குச் செய்த அத்தனை வசதிகளிலும் உருப்படியானது எது என்று கேட்டால், என் ஓட்டு அந்தத் தாழ்ப்பாளுக்குத்தான்.