பேரேட்டை மூடிவிட்டு வருகிறார்!

மே மாதக் கடைசி என்றாலே ஊரெங்கும் பணி நிறைவு விழாதான். அந்தக் காலத்துத் தலைமையாசிரியர்கள், ஜூனில் பள்ளியில் சேர்க்கும் பிள்ளைக்கு வயது சரியாக வரட்டும் என்று மே, ஜூனில் ஒரு பிறந்த நாளைத் தாமாகவே போட்டுவிட்டார்கள். அதன் பலன் இந்த வாரத் தபாலிலும் தெரிகிறது. ஏனோ கணக்குப் பிரிவுக்காரர்களின் வீட்டிலிருந்துதான் கடிதங்கள் அதிகம்.

“என் வீட்டுக்காரர் பஞ்சாலைக் கணக்குப் பிரிவில் 36 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறார். வீட்டில் சின்னதாக ஒரு விழா வைக்கலாம் என்றால், ‘வீண் செலவு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?” – வாசகி, கோயம்புத்தூர்

வாயால் கேட்டால் அப்படித்தான் சொல்வார். எழுதிக் கொடுங்கள். கணக்கருக்குச் செலவின் மேல் கோபம் கிடையாது, வவுச்சர் இல்லாத செலவின் மேல்தான் கோபம். பந்தல், டிபன், மாலை, போட்டோ என்று ஒரு தாளில் வரிசையாகப் போட்டு அடியில் கூட்டுத்தொகை எழுதி, அவர் காபி குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒரு சூட்சுமம். டிபனுக்கு 5,400 என்று போட்டுவிட்டு, கூட்டும்போது மட்டும் அதை 4,500 ஆக எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டலில் 900 உதைக்கும். 900 என்பது 9 ஆல் வகுபடும் எண். வித்தியாசம் 9 ஆல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்குப் பிரிவில் நுழைந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொடுக்கும் பாடம். வகுபடாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்று தேடுவார்கள். உங்கள் வீட்டுக்காரர் கூட்டலைப் பார்த்த அரை நிமிஷத்தில் பென்சிலை எடுப்பார், திருத்துவார், அடியில் சுழித்துக் கையெழுத்தும் போட்டுவிடுவார். அப்புறம் அது அவர் அனுமதித்த செலவு. அவரே பந்தல்காரரிடம் பேரம் பேசுவார்.

“ஓய்வு பெறுகிறவருக்கு ஏன் சுவர்க் கடிகாரம் கொடுக்கிறார்கள்?” – வாசகர், விருதுநகர்

வாங்கியவர்களைக் கேட்டேன். பில் இருக்கிறதாம், காரணம் இல்லையாம்.

“மனைவி கருவூலத்தில் 33 வருஷம் வேலை செய்து இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். தங்க வளையல், பட்டுப்புடவை, காசி யாத்திரை, இந்த மூன்றில் எதைப் பரிசாகத் தரலாம்?” – வாசகர், மதுரை

மூன்றுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது ஐயா? கடிதத்தின் கடைசியில் ‘அவருடைய பணிக்கொடை வந்ததும்’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் இது பரிசு இல்லை. ஒரு தலைப்பில் இருந்த பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்றுகிறீர்கள். அதற்கு அவர் ஆபீஸில் தனிப் படிவமே உண்டு, உங்களைவிட அவர் நன்றாக நிரப்புவார்.

உங்கள் கையிலிருந்து கொடுக்க ஒன்று இருக்கிறது. ஆண் ஓய்வு பெற்றால் மனைவியை மேடைக்கு அழைத்துப் புடவை கொடுத்து, ‘இவருடைய வெற்றிக்குப் பின்னால் நின்றவர்’ என்று நாலு வார்த்தை சொல்வது நம் ஊர் வழக்கம். பெண் ஓய்வு பெற்றால் கணவருக்கு ஒரு சால்வையைப் போர்த்துவார்கள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். மைக்கைக் கொடுத்தால், “எனக்குப் பேச வராது” என்பார். நீங்கள் பேசுங்கள். மார்ச் 31 அன்று கடைசி பில் பாஸாகும்வரை உங்கள் மனைவி கருவூலத்தில் இருந்த இரவுகளைச் சொல்லுங்கள். ‘இவர் சம்பளத்தில்தான் வீட்டுக் கடன் கட்டினோம்’ என்பது உண்மையென்றால், அதை அவருடைய சக ஊழியர்கள் முன்னால் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். வளையல் அப்புறம் வாங்கலாம், உங்கள் பணத்தில்.

“அறுபதாம் கல்யாணமும் பணி ஓய்வும் ஒட்டி ஒட்டி வருகின்றன. இரண்டையும் ஒரே பந்தலில் முடித்தால் செலவு மிச்சம் என்கிறார் என் கணவர். அவர் அரசு அலுவலகக் கணக்கர்.” – வாசகி, மயிலாடுதுறை

இந்த யோசனைக்கே அரசாணைதான் காரணம். தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் 58 வயதில் ஓய்வு பெற்ற காலத்தில் இரண்டுக்கும் நடுவில் 2 வருஷம் இருந்தது. 2020 மே மாதம் அதை 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். பிறந்த மாதத்தின் கடைசி நாள் ஓய்வு. 1ஆம் தேதி பிறந்திருந்தால் முந்தைய மாதக் கடைசியிலேயே வீட்டுக்கு வந்துவிடலாம். சான்றிதழில் இருக்கும் பிறந்த நாள் நிஜமானதாக இருந்தால் இரண்டு விழாவும் தோளோடு தோள் உரசும். உங்கள் கணவர் கணக்குத் தப்பவில்லை.

ஆனாலும் சேர்க்காதீர்கள். திருக்கடையூர் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது, போய் வர அரை நாள் போதும். பணி நிறைவு விழா அவர் ஒருவருடையது. அறுபதாம் கல்யாணம் இருவருடையது. சேர்த்து வைத்தால், நீங்கள் இரண்டாம் தடவை தாலி வாங்கிக்கொள்ளும் நேரத்தில் கண்காணிப்பாளர் ஒருவர் மைக்கைப் பிடித்து, 1998இல் உங்கள் கணவர் நிவர்த்தி செய்த தணிக்கைத் தடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

“விழாவில் நானும் பேச வேண்டுமாம். 35 வருஷமாக ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். அங்கே அவர் என்ன வேலைதான் செய்தார் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. என்ன பேச?” – வாசகி, ஈரோடு

இந்த வாரத் தபாலில் மிக நேர்மையான கேள்வி இது. இன்ஜினீயர் தன் மனைவிக்குப் பாலத்தைக் காட்டலாம். டாக்டருக்குத் தெருவில் நாலு பேர் கும்பிடு போடுவார்கள். கணக்கர் சரியாக வேலை செய்தால் வெளியே எதுவும் தெரியாது, தவறினால்தான் ஊருக்கே தெரியும்.

ஆகவே காலக்கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது தடித்த பேரேடுகளில் கையால் எழுதி, பென்சிலால் கூட்டி, சரிபார்த்துவிட்டு மையால் எழுதினார்கள். நடுவில் கம்ப்யூட்டரும் டாலியும் வந்தன. 1986இல் கோயங்கா குடும்பத்துத் தகப்பனும் மகனும் தொடங்கிய கம்பெனியின் மென்பொருள் அது. விரல் மை போய்க் கண்ணாடியின் பவர் ஏறியது அப்போதுதான். வரி என்று எடுத்துக்கொண்டால், 1959ஆம் வருஷச் சட்டப்படியான விற்பனை வரியில் அவர் தொழில் கற்றார். 2007 ஜனவரி 1 முதல் வாட். 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி மூன்று வரிச் சட்டங்களை அடிப்படையிலிருந்து படித்துத் தேறியிருக்கிறார், யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. இடையில் 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, அன்று கம்பெனிப் பெட்டியில் எத்தனை நோட்டு இருந்தது என்ற கேள்வி நேராக அவர் வீட்டுப் போனுக்குத்தான் வந்திருக்கும். அந்த இரவு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. விழாவுக்கு முந்தின இரவு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ரொம்ப நாள் தேடிக் கண்டுபிடிச்ச தப்பு எது?’ ஒவ்வொரு கணக்கரிடமும் அப்படி ஒரு கதை உண்டு, கேட்கத்தான் ஆள் கிடையாது. அவர் சொல்வதை அப்படியே மேடையில் சொல்லிவிட்டு உட்காருங்கள். பொன்மொழி எதுவும் வேண்டாம்.

“கணக்கர்கள் எல்லாம் ஏன் ரசனை இல்லாதவர்களாக இருக்கிறார்கள்?” – வாசகி, சென்னை (கணக்கரின் மனைவி என்று எழுதவில்லை, தெரிகிறது)

கே. பாலசந்தர் சென்னை ஏ.ஜி. (அக்கவுண்டன்ட் ஜெனரல்) ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அங்கே வேலை பார்த்துக்கொண்டேதான் நாடகம் போட்டார். ராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு உட்கார்ந்தார். அவருடைய நோட்டுப் புத்தகத்தின் அருமை புரிந்து மேலதிகாரியிடம் எடுத்துச் சொன்ன நாராயண ஐயரும் அதே ஆபீஸ் கணக்குக்காரர்தான். இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிஸில் அச்சேற்றிய லூக்கா பச்சோலி ஒரு துறவி, அவருடைய அடுத்த புத்தகத்துக்குப் படம் வரைந்து கொடுத்தவர் லியானர்டோ டா வின்சி. உங்கள் வீட்டுக்காரர் என்ன ஒளித்து வைத்திருக்கிறார் என்று அலமாரியின் கீழ்த்தட்டில் பாருங்கள்.

“ஓய்வு பெற்றதும் வீட்டுக் கணக்கையும் கையில் எடுத்துக்கொள்வேன் என்று மிரட்டுகிறார். எப்படித் தப்பிப்பது?” – வாசகி, திருநெல்வேலி

தப்பிக்க வேண்டாம், அவர் சட்டத்தையே எடுத்துப் போடுங்கள். பணத்தைக் கையாளுகிறவர் கணக்கு எழுதக் கூடாது, கணக்கு எழுதுகிறவர் பணத்தைத் தொடக் கூடாது. அவருடைய தொழிலின் அரிச்சுவடி இது. கணக்கை அவரே எழுதட்டும். பீரோ சாவி உங்களிடம் இருக்கும்.

“கிராஜுவிட்டிக்கு மாதத்தை ஏன் 26 நாளாகக் கணக்கிடுகிறார்கள்?” – வாசகி, சேலம்

கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் பணிபுரிந்த வருஷங்கள். 26 என்பது ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்த மாதம். மார்ச் மாத ஞாயிறுகளில் அவர் வீட்டில் இருந்தாரா என்று சட்டம் உங்களைக் கேட்கவில்லை.

“ஓய்வுப் பணம் வந்ததும் கார் வாங்கித் தரச் சொல்கிறான் மகன். ‘அப்பாவுக்கு நாம் செய்யும் மரியாதை’ என்கிறான்.” – வாசகி, திருச்சி

அப்பாவின் பணத்தில் அப்பாவுக்கு மரியாதை! ‘வியட்நாம் வீடு’ 1970இல் வந்த படம், பிரஸ்டீஜ் பத்மநாபனை மகன் பார்த்திருக்க மாட்டான், போட்டுக் காட்டுங்கள். வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் என்பது உங்கள் கணவருக்கு மனப்பாடம். முதலில் அஞ்சலகத்துக்குப் போங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், 5 வருஷம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. 60 வயது ஆகாவிட்டாலும், 55ஐத் தாண்டி ஓய்வு பெற்றவர் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் போட்டுவிட்டால் சேர்த்துக்கொள்வார்கள். கணக்கில் உங்கள் பெயரையும் கூட்டாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். மகனிடம் போட்டால் அளக்கவே முடியாது.

“மாலையும் கழுத்துமாக எடுத்த படத்தை ஹாலில் எந்தச் சுவரில் மாட்டலாம்?” – வாசகி, நாகர்கோவில்

எங்கே வேண்டுமானாலும். கடிகாரத்தின் ஆணியை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் அரசு ஊழியர் என்றால், உங்களுக்கு முக்கியமான படம் வேறு. ஓய்வூதியக் கருத்துருவோடு கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த ஒரு சின்னப் படம் கேட்பார்கள். இருவரும் சிரிக்காமல் இருப்பீர்களே, அது. அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் உங்களுக்கு வருவதற்கு அதுதான் அடையாளம். ஓய்வூதியக் கொடுப்பாணையில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்த்தவர் சொந்தக் காகிதத்தில் கோட்டை விட்ட கதைகள் எனக்கு நிறைய வருகின்றன. வெட்கப்படாமல் நீங்கள் ஆடிட் செய்யுங்கள்.

“அந்தக் காலத்துக் கிராமக் கணக்குப்பிள்ளைக்கு வழியனுப்பு விழா உண்டா?” – வாசகர், திருவாரூர்

வெகு காலம் அது பரம்பரைப் பதவி, அப்போது வழியனுப்பு விழாவுக்கு எங்கே போவது? 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஓர் அவசரச் சட்டம் அந்தப் பதவிகளை மொத்தமாக ஒழித்தது. வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. அப்புறம் வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். பரம்பரை போனதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு மாலையாவது போட்டு அனுப்பியிருக்கலாம்.

“இன்னும் ரிட்டையரே ஆகவில்லை. அதற்குள் கோயில் கும்பாபிஷேகக் கமிட்டியிலும் எங்கள் குடியிருப்பு சங்கத்திலும் இவரைப் பொருளாளராகக் கேட்கிறார்கள். இவரும் தலையாட்டிவிடுவார் போலிருக்கிறது!” – வாசகி, தாம்பரம்

முதல் ஆறு மாதம் உங்களுக்கு என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வாய்ப்புப் போய்விடும் என்று அவர் பதறினால் நம்பாதீர்கள். தலைவர் பதவிக்கு அடிதடி நடக்கும், செயலாளர் பதவிக்குச் சாதி பார்ப்பார்கள். பொருளாளர் பதவிக்கு இரண்டாவது ஆள் மனுப்போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆறு மாதம் கழித்துப் போனாலும் அது அவருக்காகக் காலியாகவேதான் இருக்கும்.