துடைத்தால் போகுமா?

பெயின்ட் கடை வண்ண அட்டை வீட்டுக்குள் வந்த அன்றே குடும்பத்தில் கட்சிகள் முளைத்துவிடும். எங்கள் வீட்டில் மனைவி சந்தன நிறக் கட்சி. மகள் ஊதா. அம்மா, “ஒரு வெள்ளை அடிச்சா போதாதா?” கட்சி. என்னை யாரும் கேட்கவில்லை. பணம் கட்டுகிறவர் நடுநிலை வகிக்க வேண்டுமாம்.

இவ்வளவு சண்டையிலும் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: துடைத்தால் போகுமா?

நம் வீட்டுச் சுவர்கள் படுகிற பாடு கொஞ்சமா? சோபாவுக்குப் பின்னால் அப்பா தலை சாய்க்கும் இடத்தில் தேங்காய் எண்ணெய் வட்டம். நாளாக ஆக சாமி படத்து ஒளிவட்டம் போல அது விரிந்துகொண்டே போகிறது. ஸ்விட்ச் போர்டைச் சுற்றிக் குடும்பத்தார் அனைவரின் கைரேகை. அடுப்படியில் தாளிப்புத் தெறித்த மஞ்சள். பூஜை அலமாரிக்கு மேலே விளக்குப் புகை. படுக்கையறையில் உள்ளங்கையால் அறையப்பட்ட கொசுக்கள், அவை குடித்த எங்கள் ரத்தத்தோடு. மூன்றடி உயரத்துக்குக் கீழே முழுக்க மகனின் ஆட்சி: மெழுகுக் கிரையானில் டைனோசர், டைனோசரின் மனைவி, மாமியார்.

பெயின்ட் கம்பெனிகளுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? ஏஷியன் பெயின்ட்ஸுக்காக 1954-இல் ஆர்.கே. லட்சுமண் வரைந்த ‘கட்டு’ யார்? கையில் பிரஷ்ஷோடு நிற்கும் ஒரு வால் பையன். சுவரின் எதிரியையே சின்னமாக வைத்து வியாபாரம் செய்திருக்கிறார்கள்.

அம்மா காலத்தில் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிப்பார்கள். அந்தச் சுவரைத் துடைக்கிற வேலையே கிடையாது. சாய்ந்தவர் சட்டை துடைத்துக்கொண்டு போய்விடும். பிறகு வந்த டிஸ்டெம்பர் கொஞ்சம் நாகரிகமானது. ஆனாலும் அதில் சாக்பீஸ் மாவு வகையறா அதிகம், பசை குறைவு. ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்தால் கறையோடு நிறமும் வந்துவிடும்.

இப்போது அடிக்கிற எமல்ஷனில் அந்தப் பசை வேலையைச் செய்வது அக்ரிலிக் ரெசின். அது கூடினால் சுவர் தேய்ப்பைத் தாங்கும், விலையும் கூடும். மலிவு டப்பாவில் பசையைக் குறைத்து மாவைக் கூட்டியிருப்பார்கள். தேய்ப்பை எவ்வளவு தாங்கும் என்று சோதிக்க ஐஎஸ்ஓ 11998 என்றொரு முறை இருக்கிறது. காய்ந்த பெயின்ட்டை ஈரத்தோடு 200 தடவை தேய்த்து, எத்தனை மைக்ரான் கரைந்தது என்று அளக்கிறார்கள். 5 மைக்ரானுக்குள் நின்றால் ஐரோப்பாவில் அது முதல் வகுப்பு. 200 தடவையெல்லாம் எங்கள் அம்மாவுக்கு ஒரு கொசுக்கே காணாது. அதுவும் தேங்காய் நாரால் தேய்ப்பார்.

“இந்தக் கம்பெனி போடுங்க சார், பத்து வருஷம் அசையாது” என்றார் பெயின்டர். டப்பாவைத் திறந்ததும் அவர் கண் தேடியது பெயின்ட்டை அல்ல, உள்ளே கிடந்த டோக்கனை. அதற்கு அவருக்குக் காசு உண்டு. எனவே சிபாரிசிலிருந்து டோக்கன் மதிப்பைக் கழித்துவிட்டு மிச்சத்தை நம்பலாம். ஆனால் அவர் சொன்ன இன்னொன்றில் கழிக்க ஒன்றுமில்லை: “ஓதம் இருந்தா தங்கத்தைக் கரைச்சு அடிச்சாலும் உரிஞ்சுடும் சார்.” பாத்ரூம் கசிவை அடைக்காமல், பட்டி பார்த்து பிரைமர் அடிக்காமல், வாஷபிள் பெயின்ட் வாங்குவது வீண்.

அடுத்த சிக்கல் பளபளப்பு. பளபளப்பு கூடக் கூட அழுக்கு சுலபமாகப் போகும். ஆனால் டியூப்லைட் போட்டதும் கொத்தனார் விட்ட மேடு பள்ளமெல்லாம் சாட்சி சொல்ல வந்துவிடும். மேட் அவற்றை மறைக்கும்; ஆனால் ஒரே இடத்தில் தேய்த்தால் அங்கே மட்டும் மினுங்கி, கறை இருந்த விலாசத்தைக் காட்டிக்கொடுக்கும். நடுவில் இருக்கிறது லேசான ஷீன். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதுதான் லாயக்கு.

அடித்த பெயின்ட் சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்துவிடும். தேய்ப்பைத் தாங்கும் அளவுக்கு இறுகச் சில வாரம் ஆகும். “ஒரு மாசத்துக்குச் சுவரைத் தொடக் கூடாதுடா” என்று மகனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். “தாத்தா மட்டும் சாயலாமா?” என்றான். தாத்தா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

ஆகவே, பெயின்ட் அடிக்கப் போகிறவர்களே, நிறத்தை வீட்டார் சண்டை போட்டு முடிவு செய்யட்டும். நீங்கள் பளபளப்பையும் தரத்தையும் கவனியுங்கள். ஹால், சமையலறை, குழந்தைகள் அறைக்கு நல்ல எமல்ஷன். சீலிங்குக்கு மலிவானது போதும், அங்கே இன்னும் யார் கையும் எட்டவில்லை. கறை பட்ட அன்றே மெத்தென்ற ஸ்பாஞ்சில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள். நாரை ஒளித்து வையுங்கள். டப்பாவில் கொஞ்சம் பெயின்ட் மிச்சம் வைத்து, ஷேடு நம்பரை மூடியில் எழுதி வையுங்கள். தயவுசெய்து சுவரில் எழுதாதீர்கள்.