நெத்திலி வறுவல் பற்றிய முரண்பட்ட தீர்ப்புகள்: காரைக்கால் வழிப் பயணிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பார் அண்ட் ரெஸ்டாரண்ட் என்பது ஒரே அடுப்பில் சமைத்து இரண்டு வாசல் வழியாகப் பரிமாறும் உணவகம். ஒரு வாசல் குடிக்க வந்தவருக்கு, மற்றது பசித்து வந்தவருக்கு. இவ்வகை உணவகத்தை ஆராயக் காரைக்காலைவிடத் தோதான ஊர் கிடைப்பது அரிது. வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர். மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல். 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து, இன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டாக இருக்கிறது. கடலோரச் சாலையில் நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கும் வடக்கிலிருந்து போகிறவர்கள் இதைக் கடந்துதான் போகிறார்கள். திருநள்ளாற்றுச் சனீஸ்வரனோ இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறார். ஆக, மூன்று மதத்துப் பக்தியும் எந்த மதத்தையும் சேராத தாகமும் ஒரே சாலையில் வந்து சேரும் இடம் இது.

ஆய்வுக்குரிய சிக்கல் எளிமையானது. ஒரே கடை, ஒரே நெத்திலி வறுவல். ஒருவர் “இப்படி ஒரு வறுவல் ஜென்மத்துல சாப்பிட்டதில்ல” என்கிறார். இன்னொருவர் “உப்பை அள்ளிக் கொட்டி வச்சிருக்கான்” என்கிறார். இருவரும் ஒரே வேனில் வந்தவர்களாகவும் இருப்பதுண்டு. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ‘மாஸ்டர் மாறிட்டாரு’ என்பது. தமிழ் உணவக விமர்சனத்தின் மிகப் பழைய கோட்பாடு இது. ஆனால் அடுக்களைக் கதவு திறந்து மூடும் நொடியில் எட்டிப் பார்த்தால், போன தடவை நின்ற அதே ஆள், அதே கைலியில், அதே வாணலி முன் நிற்கிறார். திருநள்ளாறு போய்த் திரும்புகிறவர்களிடையே செல்வாக்குள்ள மற்றொரு கோட்பாடு, எல்லாம் சனி பார்வை என்பது. அதை மறுக்க வழியில்லை. ஆகவே இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. இக்கட்டுரையின் துணிபு வேறு: அந்த நெத்திலி ஒரு முழு உணவே அல்ல. அது பாதி, மறுபாதி கிளாஸில் இருக்கிறது.

பாரின் அடுக்களை சைடு டிஷ்ஷுக்காகவே பழகிய அடுக்களை. உப்பு ஒரு கல் கூட, மிளகாய் ஒரு கை கூட, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, சின்னத் தட்டில், மேலே வெங்காய வளையமும் ஓரத்தில் கால் துண்டு எலுமிச்சையும். உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் அடுத்த ரவுண்டைக் கூட்டும் என்பது கடைக்காரர் படிக்காமலே அறிந்த உடலியல். படித்தவர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள். மிளகாயின் எரிச்சலை உணரும் நரம்பு ஏற்பி சுமார் 42 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது என்று 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனித உடம்பின் சூடே 37. அப்படியானால் குடித்தவருக்குத்தான் காரம் கூடுதலாக எரிய வேண்டும். குறை சொல்ல வேண்டியவரும் அவரே. அவர் சொல்வதில்லை. இந்த இடத்தில் கைகொடுப்பது 2017இல் எலிகளிடம் செய்த ஆய்வு: பட்டினி கிடக்கும்போது துடிக்கும் மூளை நரம்பணுக்களை ஆல்கஹாலும் துடிக்க வைக்கிறது. எரிகிறது, கூடவே பசிக்கிறது, இரண்டும் சேர்ந்தால் வாயில் வருவது “இன்னொரு பிளேட் சொல்லு மாப்ள.” எலிகளுக்கு நெத்திலி கொடுத்துப் பார்க்கவில்லை என்பது அந்த ஆய்வின் குறை.

இனி இருக்கை அமைப்பு. கீழே பார்: சிவப்பு அல்லது நீல விளக்கு, எதிரில் இருப்பவர் முகம் பாதி தெரியும், தட்டு அதுவும் தெரியாது. மாடியில் ‘ஃபேமிலி ஏ.சி.’: டியூப் லைட், வறுவலில் ஒட்டியிருக்கும் கருகிய கறிவேப்பிலை வரை தெளிவாகத் தெரியும். குடும்பத்தலைவர் மனைவி, மக்கள், தாயார் சகிதம் பாரின் வாசலைத் தாண்டித்தான் படியேற வேண்டும். அந்தச் சில அடிகளில் அவர் காட்டும் வேகமும், உள்ளே பார்க்காமலிருக்க அவர் எடுத்துக்கொள்ளும் சிரமமும் தனி ஆய்வுக்கு உரியவை. மேலே உட்கார்ந்ததும் தாயார் கேட்பது:

“தம்பி, சாப்பாடு இருக்கா?”

“மீல்ஸ் முடிஞ்சிருச்சும்மா. ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், பரோட்டா இருக்கு.”

“ரசம் மட்டும் கிடைக்குமா?”

சர்வர் பதில் சொல்வதற்குள் கீழிருந்து குரல் வருகிறது, அவர் இறங்கிவிடுகிறார். இதை அலட்சியம் என்று பயணிகள் எழுதிவைக்கிறார்கள். அது கணக்கு. மாடி மேசை ஒரே முறை ஆர்டர் செய்து, சாப்பிட்டு, எழுந்துபோய்விடும். கீழ் மேசை சிறுகச் சிறுக இரவு வரை கேட்டுக்கொண்டே இருக்கும்; டிப்ஸும் அங்கேதான். தட்டு படியேறி வரும்போது ஆறிப்போகிறது. ஆறிய நெத்திலி வெறும் உப்பு. சைவக்காரர் நிலையைச் சுருக்கமாகச் சொல்லலாம்: கோபி 65, அதே எண்ணெய்.

எல்லையின் பங்கும் உண்டு. புதுச்சேரிப் பகுதியில் மது விலை குறைவு. ஆனால் பாட்டிலோடு தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் சோதனைச் சாவடியில் பறிபோகும், வழக்கும் வரும். ஆகவே சரக்கு எல்லையைத் தாண்டும் வழி வயிறு ஒன்றுதான். அவசரமில்லாமல் உட்கார வேண்டியிருக்கிறது. உட்கார்வதற்கு வாடகையாகத் தட்டுகள் வரவழைக்கப்படுகின்றன. இந்தக் கூட்டத்தில் குடிக்காதவர் ஒருவர் மட்டும்: வேன் டிரைவர். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு பாயும். எனவே உணவைப் பற்றி நம்பத்தக்க சாட்சி அவரே. “சால்னா பரவால்ல, பரோட்டா ரப்பர்” என்று அவர் சொன்னால் பரோட்டா ரப்பர்தான். நெடுஞ்சாலை மோட்டல்களில் டிரைவருக்கு இலவசச் சாப்பாடு போடும் வழக்கம் இருப்பதால், அங்கே இதே சாட்சியின் சொல் செல்லாது. காசு கொடுத்துச் சாப்பிட்ட டிரைவர் மட்டுமே கணக்கில் வருவார்.

துணிபைச் சோதிக்க அரசே ஆண்டுதோறும் ஏற்பாடு செய்கிறது. அக்டோபர் 2 அன்று பாருக்குப் பூட்டு. அடுப்பு மட்டும் எரியும். அதே நெத்திலி, அதே உப்பு. விஷயம் தெரியாமல் வந்துவிட்டு வேறு வழியின்றி மாடியேறிய பழைய வாடிக்கையாளர் ஒரு வாய் போட்டுவிட்டுச் சர்வரைக் கேட்கிறார்: “மாஸ்டர் மாறிட்டாரா?”

நாட்காட்டி வேறு வகையிலும் குறுக்கிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கிழக்குக் கடலில் இறங்கக் கூடாது. அப்போது கடற்கரை ஊருக்கு வந்து ‘ஃப்ரெஷ் மீன்’ கேட்கிறவருக்குக் கிடைக்கும் வஞ்சிரம் பெரும்பாலும் ஐஸ் பெட்டியின் வளர்ப்புப் பிள்ளை. நாட்டுப்படகு கொண்டுவரும் சிறு மீன் கிடைக்கும். அதைக் கேட்கத் தெரிந்தவர் தப்பித்தார். ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணிக் கொடியேறி செப்டம்பர் 8 வரை காவி உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் இதே சாலையில் நடக்கும். அவர்கள் கடையில் கேட்பது டீ, பன், கால் நீட்டக் கொஞ்சம் இடம்.

பில் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் அது வரிவரியாக வாசிக்கப்பட்டு, தண்ணீர் பாட்டில் விலை பற்றி விசாரணை நடக்கும். கீழே யாரும் அதை வாசிப்பதில்லை. “நான்தான் குடுப்பேன்” என்று அதற்காகச் சண்டை நடக்கும்.

எஞ்சுவது பார்சல். மிச்ச நெத்திலி வாழையிலையும் செய்தித்தாளுமாகக் கட்டப்பட்டு எல்லை தாண்டும். சாவடியில் அதை யாரும் தடுப்பதில்லை. மறுநாள் காலை அது பிரிக்கப்படுகிறது. முந்தின இரவு ‘ஜென்மத்துல சாப்பிட்டதில்ல’ என்றவர், இப்போது தெளிந்த நாக்கோடு, அதே தட்டின் மிச்சத்தை வாயில் போடுகிறார். ஒரே ஆள் ஒரே பண்டத்துக்கு இரண்டு தீர்ப்பு தரும் இந்த நேரத்துச் சாட்சியம்தான் ஆய்வுக்கு மிகவும் வேண்டியது. ஆனால் கேள்வித்தாளோடு அருகில் போனால் அவர் கேட்பது மோரும் ஒரு தலைவலி மாத்திரையும்தான்.