ஆடிக் காற்றும் அம்மியின் இறக்கைச் சுமையும்: சங்கராபுரத்து வானோட்டவியலுக்கு ஒரு முன்னுரை

தமிழில் வானூர்தியியல் பற்றி எழுந்தவற்றுள் ஆகச் சுருக்கமான நூல் நான்கே சொல்லால் ஆனது: ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். ஆசிரியர் பெயர் மறைந்து போயிற்று. அவர் ஆடி மாதத்தில் கூரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் உள்சான்றால் துணியப்படும். இந்நூலுக்கு உரை சொன்னோர் உயர்வு நவிற்சி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டனர். அம்மியை எடை போட்டுப் பார்க்கும் சிரமத்தை எவரும் மேற்கொள்ளவில்லை.

அக்குறையை நீக்குவது இவ்வாய்வின் முதல் நோக்கம். கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் ரேடியோவில் இயங்கும் மின் விமானமோ கிளைடரோ விடத் துணிந்த ஒருவரைத் தடுத்தாட்கொள்வது இரண்டாம் நோக்கம். தடுக்க முடியாவிட்டால் வழியாவது காட்ட வேண்டும்.

நடுத்தரக் குடும்பத்து அம்மி ஒன்று 20 கிலோ எடை, 45 சென்டிமீட்டர் நீளம், 22 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்க. குழவியைச் சேர்க்கவில்லை, அது தனி ஊர்தி. பரப்பு ஏறக்குறைய 0.1 சதுர மீட்டர். எனவே ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்க வேண்டிய பாரம் 200 கிலோ. இதையே வல்லுநர் இறக்கைச் சுமை என்பர். ஏர்பஸ் ஏ320 விமானம் 78 டன் எடையோடு கிளம்பும்போது அதன் 122 சதுர மீட்டர் இறக்கையில் சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. அதாவது இறக்கைச் சுமைக் கணக்கில் அம்மி அந்த விமானத்தில் மூன்றில் ஒரு பங்குதான். உயர்வு நவிற்சி என்றவர்கள் இவ்விடத்தில் சற்று நாணுதல் நன்று.

ஆயினும் தட்டைக் கல்லுக்கு வளைந்த இறக்கையின் வாளிப்பு கிடையாது. தட்டைப் பலகைக்குரிய தூக்கு எண்ணை 0.7 என்று தாராளமாகக் கொடுத்தாலும் அம்மி மேலெழ மணிக்குச் சுமார் 245 கிலோமீட்டர் காற்று வேண்டும். மணிக்கு 222 கிலோமீட்டரைத் தொட்டாலே இந்திய வானிலைத் துறை அதைச் சூப்பர் புயல் என்கிறது. ஆகவே நூலாசிரியர் சொன்னது பொய்யன்று. மாதத்தைத்தான் சற்று மிகைப்படுத்திவிட்டார்.

இனி அதே சூத்திரத்தில் அம்மியை எடுத்துவிட்டுத் தெர்மாகோல் கிளைடரை வைப்போம். எடை 400 கிராம், இறக்கைப் பரப்பு 0.25 சதுர மீட்டர். சுமை சதுர மீட்டருக்கு 1.6 கிலோ. நல்ல வளைவுள்ள இறக்கையாக இருந்தால் மணிக்கு 18 கிலோமீட்டரில் இது காற்றில் நிற்கும். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் வேகம். இங்கேதான் புதியவர் ஏமாறுகிறார். இவ்வளவு சுலபமாகப் பறப்பது ஆடியில் இன்னும் சுலபமாகப் பறக்குமே என்று நினைக்கிறார். அது பறக்கவே செய்யும். 30 கிலோமீட்டர் காற்றில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கிளைடர், மூக்கைக் கல்வராயன் மலைப்பக்கம் நீட்டியபடியே திருக்கோவிலூர்ப் பக்கம் பின்னோக்கிச் செல்லும். மோட்டாரை முழுதாகத் திருகினால் கொஞ்சம் முன்னேறும். பேட்டரி தீர்ந்ததும் பயணம் தொடரும்.

காற்றாண்டு

சங்கராபுரத்துக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரு பிரிவு. உயரம் 2,000 அடியில் தொடங்கி 4,000 அடிக்கு அருகே போகும். ஆடியில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. மலையின் மேற்கு முகத்தில் மோதி மேலே ஏறி, நம் பக்கம் வந்து கீழே இறங்குகிறது. சரிவில் ஏறும் காற்றில் கிளைடரை மோட்டார் இல்லாமலே மணிக்கணக்கில் மிதக்கவிடலாம் என்பது உலகெங்கும் கிளைடர்காரர்கள் அறிந்த உண்மை. ஆனால் அந்த ஏற்றம் முழுவதும் மலைக்கு அந்தப்பக்கத்து சேலம், தருமபுரிக்காரர்களுக்கு. நமக்கு வாய்ப்பது இறக்கமும், அடிவாரத்தில் சுருண்டு புரளும் காற்றும். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து மாவட்டத்தைப் பிரித்தபோது நிலமும் கோப்புகளும் பங்காயின. காற்றில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் நீதி நம் பக்கம் திரும்புகிறது. வடகிழக்குக் காற்று நேரே வந்து நம் சரிவில் மோதும். அதோடு மழையும் வரும். ரிசீவர், சர்வோ முதலிய மின் உறுப்புகள் நனைவதை விரும்புவதில்லை. காய்ச்சல் வந்தால் வீட்டில் உள்ளோரும் விரும்புவதில்லை.

ஆகவே உகந்த பருவம் தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை என்பது எம் துணிபு. சம்பா அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் கழனியைப் போல மெத்தென்ற விமான நிலையம் வேறில்லை. கற்போருக்குக் காலை எட்டு மணிக்கு முந்திய அசைவற்ற காற்று. கற்றோருக்குப் பத்தரை மணிக்கு மேல். அப்போது உழுது போட்ட செம்மண்ணும் நெல் காயும் சிமென்ட் களமும் சூடேறி, அவற்றின் மேலுள்ள காற்று குமிழ் குமிழாய்க் கிளம்பும். ஏரிக்கு மேலும் பச்சை வயலுக்கு மேலும் அது இறங்கும். குமிழ் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவிகள் விலைக்குக் கிடைக்கின்றன. பருந்து இலவசம். இறக்கையை அடிக்காமல் ஓரிடத்தில் வட்டமிட்டு உயரும் பருந்தைக் கண்டால் கிளைடரை அதே வட்டத்தில், அது சுற்றும் திசையிலேயே நுழைப்பது மரபு. பருந்து பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.

வரலாற்று முறையும் அதை மீறுவோரும்

ரைட் சகோதரர்கள் 1899-ல் பட்டம் விட்டார்கள். 1900 முதல் 1902 வரை கிளைடர் விட்டார்கள். 1903-ல்தான் எஞ்சினை ஏற்றினார்கள். பாரிஸில் அல்போன்ஸ் பெனோ 1871-லேயே ரப்பரை முறுக்கி ஒரு சிறு விமானத்தைப் பூங்காவில் பறக்கவிட்டிருந்தார். ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானத்தை அமெரிக்காவின் குட் சகோதரர்கள் 1937-ல் பறக்கவிட்டனர். மின்சாரம்தான் எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தது: 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின், வெள்ளி-துத்தநாக பேட்டரி பூட்டிய 'ரேடியோ குயீன்' விமானத்தைப் பறக்கவிட்டார். காற்று, ரப்பர், எண்ணெய், மின்சாரம் என்பதே வரிசை.

நம்மூர் இளைஞர் பட்டத்தோடு முதல் வகுப்பைச் சிறுவயதிலேயே தேறிவிட்டார். இரண்டாம் வகுப்பு, கையால் எறியும் கிளைடர். அதைத் தாண்டிக் குதித்து நேரே சுகோய் வடிவப் போர் விமானம் வாங்குவதுதான் இத்துறையின் நாற்பது விழுக்காட்டுத் துயரத்துக்குக் காரணம் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. முதல் விமானத்தின் இலக்கணம் வேறு: இறக்கை உடலுக்கு மேலே இருக்க வேண்டும்; இரு நுனியும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும்; கையை எடுத்தால் தானே நிமிர வேண்டும். மோட்டார் பின்னால் இருந்தால் மூக்கு மோதும்போது புரொப்பெல்லர் பிழைக்கும். மூக்கு மோதும் என்பதை இவ்வாய்வு முன்முடிவாகக் கொள்கிறது.

பொருள் தெர்மாகோலோ ஃபோம் போர்டோ ஆகலாம். தெர்மாகோல் காற்றுக்கு இசையும் பொருள் என்பதற்கு 2017 ஏப்ரலில் வைகை அணையில் நடந்த பரிசோதனையே போதிய சான்று. நீர் ஆவியாகாமலிருக்க மிதக்கவிட்ட அட்டைகள் சற்று நேரத்தில் கரைக்குத் திரும்பிவிட்டன. குறை பொருளில் இல்லை. எவரும் அதற்கு வால் வைக்கவில்லை. ஒட்டுவதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: ஃபெவிக்விக் தெர்மாகோலைத் தின்றுவிடும். வெள்ளை ஃபெவிகால் மெதுவாகக் காயும், ஆனால் விசுவாசமானது. சர்வோவிலிருந்து வாலுக்குப் போகும் கம்பிக்கு சைக்கிள் போக்ஸ் கம்பி பொருந்தும்.

குரங்கும் பூனையும்

இத்துறையில் இரு கலைகள் உண்டு. மின்வாதியர், குட்டிக் குரங்கு தாயைப் பற்றிக்கொள்வதுபோல் மோட்டாரைப் பற்றிக்கொண்டு பறப்பவர். வளிவாதியர், பூனைக்குட்டி போல் காற்றிடம் தம்மை ஒப்படைத்தவர்; கவ்விக்கொண்டு போகுமிடம் போவர். இவ்வுவமைகளைத் தந்த வைணவத்தின் வடகலை தென்கலை வழக்காவது நீதிமன்றம் வரை போய்த் தீர்வைத் தேடிற்று. இங்கே சமரசம் ஏற்கெனவே கடையில் விற்கிறது: மடங்கும் புரொப்பெல்லர் உள்ள மின் கிளைடர். அரை நிமிடம் குரங்காக மேலே ஏறி, மோட்டாரை நிறுத்தி, பிறகு பூனையாக மிதக்கலாம்.

கணக்கும் அதையே சொல்கிறது. மூன்று செல் லைப்போ பேட்டரி 11.1 வோல்ட், 2,200 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு. சராசரி 10 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் விமானம், ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்து இறங்குவதானால், பத்து நிமிடம் பறக்கும். மிச்சம் வைப்பது பெருந்தன்மையன்று: ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது மீளாது. முழு ஏற்றம் 4.2, சும்மா வைத்திருக்கும் நாட்களில் 3.8. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடுவதும், வண்டிப் பெட்டிக்குள் வெயிலில் வேகவிடுவதும் தீயை வரவழைக்கும். மணல் பரப்பிய மண்சட்டியில் வைத்துப் பக்கத்திலேயே இருந்து சார்ஜ் போடுவது நலம். மீன்குழம்புச் சட்டியை இதற்கு எடுப்பது நலமன்று.

எடைநடு பற்றி ஒரு சொல். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு தள்ளி, இரு ஆட்காட்டி விரலால் அடியில் தாங்குக. மூக்கு துளி தாழ்ந்தால் சரி. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துக. நகர்த்தாமல் எறிந்தவர் மேற்கொண்டு படிக்க வேண்டியது கடைசி இயலை. முதலில் டிரான்ஸ்மிட்டரை உயிர்ப்பித்துப் பிறகே விமானத்தில் பேட்டரி இணைக்க வேண்டும். அணைப்பது தலைகீழ் வரிசை. இணைக்கும்போது புரொப்பெல்லருக்கு எதிரே விரலோ வேடிக்கைச் சிறுவனோ இருக்கலாகாது. எறிவது காற்றுக்கு எதிராக, மட்டமாக. மாங்காய் அடித்துப் பழகிய கை மேல்நோக்கியே வீசும். அதைத் திருத்தத் தனிப்பயிற்சி வேண்டும்.

பார்வையாளர் இயல்

சட்டம் இங்கே எளியது. 2021 ஆகஸ்ட் 25-ல் வெளியான டிரோன் விதிகள், 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ என்று வகுத்து, வணிகமில்லாமல் விடும் மைக்ரோவுக்கு விமானி உரிமம் கேட்பதில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை இடம் உண்டு. மண்டலத்தை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். கண்ணுக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பயமே சொல்லும். ஓடுதளமே வேண்டுமென்று அடம்பிடிப்போருக்கு உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஒன்று இருக்கிறது; அனுமதி இல்லாமல் அங்கே கால் வைப்பதை இவ்வாய்வு பரிந்துரைக்கவில்லை.

சட்டத்தைவிடக் கடுமையானவர் ஆடு மேய்க்கும் பெரியவர்.

"இன்னா தம்பி இது, மருந்தடிக்கிற டிரோனா?"

"இல்லீங்க பெரியப்பா, சும்மா பறக்கவிடறது."

"சும்மாவா? எம்மாம் ஆச்சு?"

விலையில் பாதியைச் சொல்வதே துறைசார் ஒழுக்கம்.

"அதுக்கு ரெண்டு ஆட்டுக்குட்டி வாங்கியிருக்கலாமே. குட்டி மரத்துல மாட்டாது."

இவ்வாதத்துக்கு மறுப்பு இன்னும் எழவில்லை. நடிகர் அஜித்குமாரைச் சொல்லித் தப்பிப்பவர் உண்டு: அவர் ஆலோசகராக இருந்த, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு 2018-ல் ஆஸ்திரேலியாவின் ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. பெரியவர் கேட்டுக்கொண்டு, "அவருக்கு சரி" என்பார்.

கூட்டத்தில் உண்மையான மாணவர் யார் என்று கண்டுபிடிப்பது எளிது. விமானம் நம்மைவிட்டு விலகும்போது இடது இடதுதான். நம்மை நோக்கி வரும்போது இடது வலதாகிவிடும். புதியவர் அனைவரும் இவ்விடத்தில்தான் வீழ்கிறார்கள். வருகிற விமானத்தில் எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளினால் நிமிரும் என்பது விதி; கணினியில் சிமுலேட்டர் ஓட்டிப் பழகியவருக்கு அது விரலில் ஏறும். ஆனால் கரும்பு டிரெய்லரை மில் முற்றத்தில் பின்னோக்கி எடுத்து நிறுத்தும் டிராக்டர் ஓட்டுநருக்கு, ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் வண்டி வலப்பக்கம் போகும் உலகம் புதிதன்று. இவ்வட்டாரத்தின் ஆகச் சிறந்த விமானிகள் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மீட்பியல்

விழுந்த இடத்தைப் பொறுத்து மீட்பு வேறுபடும். வேலிக்காத்தான் முள்ளில் விழுந்ததற்கு அரிவாள்; புளியமரத்தில் மாட்டியதற்கு ஆட்டுக்காரரின் தொரட்டி, அதாவது மேற்படி பெரியவரிடமே போய் நிற்க வேண்டும்; பனை என்றால் ஏறத் தெரிந்தவர். மின்கம்பியில் மாட்டியது மின்வாரியத்துக்குச் சொந்தம். கம்பு எடுத்துக்கொண்டு அருகே போகாமல் தகவல் மட்டும் சொல்க.

கரும்புக் கொல்லை தனி வகை. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பயிருக்குள் தோகை கையைக் கிழிக்கும், திசை தெரியாது. டிரான்ஸ்மிட்டரை அணைத்தால், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.கள் சில இடைவிடாமல் பீப் பீப் என்று கத்தும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வரப்போரமாகத் தேடலாம். அன்று கிடைக்காவிட்டால் ஆலையிலிருந்து அந்தக் கொல்லைக்கு வெட்டு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்கு முன்னேற்பாடாக இறக்கையின் அடியில் கைபேசி எண்ணையும், கரும்பு வெட்டுவோர் கவனத்துக்கு ஒரு வரியையும் தமிழில் எழுதி ஒட்டி வைக்க: தோகையைக் கொளுத்துமுன் இதை வெளியே எடுக்கவும், உள்ளே லைப்போ பேட்டரி இருக்கிறது.